வால்வுக்கும் குழாய்மேடைக்கும் நடுவில்

பந்தல்குடிக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருந்தது. பங்குனி வெயில் தார் ரோட்டில் விழுந்து கண்ணுக்குள் திரும்பி அடித்தது. சட்டை முழுக்க நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. கைலியின் ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டி, நான் நடந்து வந்த தடத்தில் புள்ளி புள்ளியாக விழுந்து, நான் திரும்பிப் பார்ப்பதற்குள் காய்ந்துகொண்டிருந்தது.

அந்தப் பக்கத்தில் பங்குனி மாதத்தில் நனைந்த மனிதன் ஒருவன் ரோட்டில் போனால் பார்க்கிறவர்களுக்கு ஆச்சரியமாகத்தான் இருக்கும். பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். உடைமர நிழலில் ஆடுகளை மடக்கி உட்கார்ந்திருந்த ஒரு அம்மா எழுந்தே நின்றுவிட்டாள்.

"ஏய்யா, எந்தக் கம்மாயில தண்ணி கெடக்கு? எனக்கும் சொல்லு. ஆடுக நாக்கத் தொங்கப் போட்டுட்டுக் கெடக்கு."

"கம்மாயில இல்லத்தா. கவருமெண்டு குளிப்பாட்டி விட்டுருச்சு."

"ஒன்னய மட்டுமா?"

"இன்னும் ரெண்டு மூணு பேருக்கும் ஊத்திட்டுத்தான் வாரேன்."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருவனை என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். அவன் பைக் டயரில் கருவேல முள் வைக்கலாம். ஆனால் பஞ்சர் ஒட்டிக்கொண்டு மறுநாளே வந்துவிடுவான். இருட்டில் கல்லெறியலாம், ஆனால் யார் எறிந்தது என்று அவனுக்குத் தெரியாது. தெரியாமல் அடிப்பதில் எனக்கு என்ன சுகம்? அவன் முகத்துக்கு நேரே நின்று, அவனுக்கு வேண்டியது அவன் கண்ணெதிரே இல்லாமல் போவதை அவன் பார்க்க வேண்டும். அதை நானும் பார்க்க வேண்டும். அந்த வெயிலில் நான் கேட்டது அவ்வளவுதான்.

இதற்கு முன்பு யார் மேலும் இப்படி வஞ்சம் வைத்துக்கொண்டதில்லை. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். நரிக்குடிப் பக்கம் கிடை ஆடு மேய்க்கப் போனேன், திருச்சுழிப் பக்கம் கருவேலங்கட்டையைச் சுட்டுக் கரிமூட்டம் போட்டேன், போர் போடும் லாரியில் ஆந்திரா வரைக்கும் சுற்றினேன், திருப்பூரில் சாயத் தண்ணீருக்குள் நின்று கால் நகமெல்லாம் நீலமாகப் போனது. எந்த வேலையும் ஒரு மழைக்கும் மறு மழைக்கும் நடுவில் சலித்துவிடும். கிளம்பிவிடுவேன். ஏசினவனை, ஏமாற்றினவனை எல்லாம் அந்தந்த ஊரிலேயே விட்டுவிட்டு வருவேன். சுமந்துகொண்டு நடக்க அது என்ன பெட்டியா?

இவனை மட்டும் விட முடியவில்லை. அதற்குக் காரணம் ஒரு தட்டு இட்லி.

தெற்கே ஆற்றிலிருந்து எங்கள் டவுனுக்குக் குடிதண்ணீர் பெரிய குழாயில் வருகிறது. ரோட்டை ஒட்டியே வருகிறது. வழியில் இருக்கிற ஊர்க்காரர்கள் காலுக்கடியில் ஓடும் தண்ணீரின் மேல் நின்றுகொண்டு உப்புத் தண்ணீர் குடிப்பார்கள். அந்தக் குழாயில் அங்கங்கே ஏர் வால்வு உண்டு. உள்ளே சேரும் காற்றை வெளியே விடுவதற்கு ஒரு இரும்புத் தலை, அதைச் சுற்றி ஒரு சிமெண்டுத் தொட்டி. காற்று போனதும் உள்ளே ஒரு உருண்டை மேலே எழும்பி ஓட்டையை அடைத்துக்கொள்ளும். அந்த ஓட்டையில் ஒரு வேப்பங்குச்சியைச் செருகிவிட்டால் உருண்டை முழுசாக அடைக்காது. தண்ணீர் கசியும். கசிகிற இடத்தில் பழைய சேலைக் கிழிசலைச் சுற்றி நுனியைக் குடத்துக்குள் விட்டால், சிதறாமல் துணி வழியாகவே நூல் மாதிரி இறங்கும். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. அந்த ரோடு நெடுக எல்லா வால்விலும் ஒரு சேலைத் துண்டு தொங்கும்.

எனக்கு அந்தக் குழாயைப் பார்த்துக்கொள்ளும் வாச்சர் வேலை. காண்ட்ராக்டரிடம். சைக்கிளில் போய்க் குச்சிகளைப் பிடுங்க வேண்டும். பிடுங்குவேன். நான் தலை மறைந்ததும் செருகுவார்கள். இது எல்லாருக்கும் தெரிந்து நடந்தது.

ஒரு ஊரில் வால்வுக்கு எதிரிலேயே அக்காவின் இட்லிக் கடை. அக்கா என்றால் உறவு இல்லை. நான் காலையில் சாப்பிடும் கடை, அதனால் அக்கா. தகரக் கூரை, ரெண்டு பெஞ்சு. மாமா கேரளத்தில் ஒரு பேக்கரியில் ரொட்டி போடுகிறார், வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். லாரிக்காரர்கள் நிறுத்திச் சாப்பிட்டுப் போகும் கடை அது. அந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. அதில் மாவு ஆட்டினால் இட்லி செங்கல் மாதிரி வரும். வால்வுத் தண்ணீர்தான் அவளுடைய கடை. அது இல்லையென்றால் அவளுக்கு அடுப்பு பற்றவைக்கவே வேலை இல்லை. அந்த ஒரு குச்சியை மட்டும் அவளுடைய குடங்கள் நிறைந்த பிறகுதான் பிடுங்குவேன்.

டவுனில் கடைசித் தெருக்களுக்குத் தண்ணீர் ஏறவில்லை. சனங்கள் காலிக் குடங்களோடு ரோட்டில் உட்கார்ந்தார்கள். அதன் பிறகு அக்காவின் ஊர்ப்பக்கம் ஜீப்புகளாக வந்தன. நகராட்சி ஒரு ஜீப்பில். பெரிய குழாயைப் பார்த்துக்கொள்ளும் வாரியம் ஒரு ஜீப்பில். ஊராட்சித் தலைவர் தன் பைக்கில். எல்லாரும் அக்காவின் பெஞ்சிலேயே உட்கார்ந்து, அந்த வால்வுத் தண்ணீரில் போட்ட டீயைக் குடித்துக்கொண்டே, அந்த வால்வை மூட வேண்டும் என்று பேசினார்கள். கடைசியில் ஒத்துவந்தது இதுதான்: வால்வுக்கு இரும்புக் கூண்டு போட்டுப் பற்றவைத்துவிடுவது, அதற்குப் பதிலாக ஊருக்கு முறையாக ஒரு பொதுக்குழாய் கொடுப்பது. எல்லாத் துறையும் சேர்ந்து செய்கிற திட்டம் என்று சொன்னார்கள். ஊர்க்காரர்கள் குழாய் வந்த பிறகு கூண்டு போடுங்கள் என்றார்கள். சரி என்றார்கள்.

இந்தத் துறைகளுக்கு நடுவில் ஓடித் திரிந்தவன் எங்கள் காண்ட்ராக்டரின் சூப்பர்வைசர். என்னைவிட வயதில் சின்னவன். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி. வாரியத்து ஆளிடம் நகராட்சியைப் பற்றிக் குறை சொல்வான். நகராட்சி ஆளிடம் வாரியத்தைப் பற்றிக் குறை சொல்வான். ரெண்டு பேரும் அவனைத் தங்கள் ஆள் என்று நம்பினார்கள். காரியம் ஆக வேண்டும் என்றால் என்னை 'அண்ணே' என்பான். ஆகிவிட்டால் 'டேய்'. அவன் வாடகைக்கு இருந்தது தண்ணீர் ஏறாத அந்தக் கடைசித் தெருவில்தான் என்பது எனக்கு அப்போது தெரியாது.

ஜீப்புகள் போன பிறகு அவன் மட்டும் சாப்பிட உட்கார்ந்தான். அக்கா இட்லி வைத்து, சாம்பார் ஊற்றினாள். அவன் வாயில் போட்டுக்கொண்டே சொன்னான்.

"அண்ணே, நாளைக்கு வெல்டரு வாரான். கூண்டப் போட்டுருவோம்."

"குழாய் வந்த பெறகுதான சார் கூண்டு?"

"வெல்டரு நாளைக்கு விட்டா ஒரு மாசம் கழிச்சுத்தான் வருவான். குழாய் ஒரு வாரத்துல வந்துரும்ணே."

அக்கா கரண்டியோடு நின்றாள். "ஒரு வாரம்னா ஒரு வாரமா சார், இல்ல கவருமெண்டு வாரமா?"

"யக்கா, கைல சோறு இருக்கு. திங்கிற சோத்து மேல அடிச்சுச் சொல்றேன். ஒரு வாரம்." உள்ளங்கையைத் தட்டின் மேல் வைத்து அழுத்தினான். இட்லி நசுங்கி விரலுக்கு நடுவில் வந்தது.

அக்கா என்னைப் பார்த்தாள். "தம்பி, நீ சொல்லு. வருமா?"

எங்கள் பக்கத்தில் பத்திரத்தைக்கூட நம்ப மாட்டார்கள், சோற்றில் அடித்த சத்தியத்தை நம்புவார்கள். கையில் சோறு இருக்கும்போது பொய் சொன்னவனை நான் அதுவரை பார்த்ததில்லை. "வரும்க்கா," என்றேன்.

மறுநாள் கூண்டை நான்தான் பிடித்துக்கொண்டு நின்றேன், வெல்டர் பற்றவைத்தான். அக்கா கடைசியாக அந்தச் சேலைத் துண்டை அவிழ்த்து, பிழிந்து, கொடியில் காயப்போட்டாள்.

குழாய் வேலை நடக்காமல் இல்லை. நடந்தது. வாரியத்து ஆட்கள் வந்து பெரிய குழாயிலிருந்து ஒரு கிளை எடுத்து, வால்வுத் தொட்டி முடியும் இடம் வரைக்கும் கொண்டுவந்து, நுனிக்கு மூடி போட்டுவிட்டுப் போனார்கள். ஊராட்சி, பள்ளிக்கூடச் சுவரை ஒட்டி ஒரு சிமெண்டு மேடை கட்டி, நீல வண்ணம் அடித்து, பித்தளைக் குழாய் வைத்தது. மேடைக்கு அடியிலிருந்து ஒரு பைப் சுவருக்குப் பின்னால் போய், மண்ணிலிருந்து தலையை நீட்டிக்கொண்டு நின்றது. நகராட்சி ஒரு போர்டு நட்டது. போர்டில் எல்லாத் துறையின் பெயரும் இருந்தது. வாரியத்தின் பைப்புக்கும் ஊராட்சியின் பைப்புக்கும் நடுவில் ஒரு துண்டு நிலம். நான் அதில் குறுக்கே படுத்தால் தலை ஒரு பைப்பிலும் கால் இன்னொரு பைப்பிலும் இடிக்கும். அவ்வளவுதான் இடைவெளி. அந்தத் துண்டு ரோட்டுத் துறைக்குச் சொந்தம். அதைத் தோண்ட வேண்டியது யார் என்று யாருக்கும் சொல்லப்படவில்லை.

சூப்பர்வைசருக்குப் போன் போட்டேன்.

"அது ஹைவேஸ் எடம்ணே. லெட்டர் போயிருக்கு."

"ஒரு மம்பட்டி போதும் சார். பொழுது சாயிறதுக்குள்ள நானே தோண்டிருவேன். பைப்பு மட்டும் ஒரு துண்டு குடுங்க."

"தொட்டீங்கன்னா கேசு ஆகிரும். அவுக ரோட்ட நாம வெட்டுனா கூட்டுறவே கெட்டுப்போகும்."

"அக்காட்ட ஒரு வாரம்னீகளே."

"எந்த அக்கா?" என்றான்.

அன்றைக்குத்தான் எனக்குள் முதல் முள் ஏறியது.

அக்கா முதலில் தோசையை நிறுத்தினாள். பிறகு சாம்பாரை. வேன்காரனிடம் குடம் குடமாக விலைக்கு வாங்கி இட்லி மட்டும் போட்டுப் பார்த்தாள். விற்றது தண்ணீருக்கே சரியாகப் போயிற்று. லாரிகள் நிற்காமல் போகத் தொடங்கின. நான் போய் உட்கார்ந்தால் முன்பு மாதிரியே டீ கொடுப்பாள். ஒரு வார்த்தை ஏச மாட்டாள். அதுதான் தாங்க முடியவில்லை. ஒரு நாள் மட்டும், கிளாஸைக் கழுவும் தண்ணீரையே மறுபடி வடிகட்டிக்கொண்டு, "அவன் பொய் சொன்னது பெருசில்ல தம்பி. ஒன் வாயால சொல்ல வச்சுட்டான் பாரு," என்றாள்.

திறப்பு விழா என்று சொன்னார்கள். பைப்பே சேரவில்லை, எதைத் திறப்பது? சூப்பர்வைசர் அதற்கு வழி வைத்திருந்தான். காலையிலேயே ஒரு நீல டிரம்மைக் கொண்டுவந்து சுவருக்குப் பின்னால் கல்லடுக்கி அதன் மேல் ஏற்றினான். டவுனிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து அதை நிரப்பினான். டிரம்மிலிருந்து ஒரு ஹோஸை எடுத்து, ஊராட்சி பைப்பின் தலையில் செருகித் துணி சுற்றினான்; தண்ணீர் ஓடாதபடி நடுவில் மடக்கி என் கையில் கொடுத்தான்.

"அண்ணே, நீங்க இங்க உக்காந்துருங்க. நான் 'ஐயா திறக்கலாம்'னு சத்தமாச் சொல்வேன். ஒடனே ஹோஸ் மடக்க விட்டுருங்க. போட்டோ எடுத்து முடிச்சு ஆளுக கெளம்புற வரைக்கும் தண்ணி ஓடணும். தல வெளிய தெரியக் கூடாது."

நான் உட்கார்ந்தேன். ஏன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. ஒருவேளை டிரம்மாவது நிறைந்து நிற்கிறதே, விழா முடிந்ததும் அக்காவுக்கு மிச்சம் கிடைக்கும் என்று நினைத்திருப்பேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் கார்கள் வந்து நின்றன. மைக்கில் இருமினார்கள். ஒவ்வொரு துறைக்கும் ஒரு துண்டு, ஒரு நன்றி. பல துறைகள் கை கோர்த்தால் என்ன சாதிக்கலாம் என்பதற்கு இந்தக் குழாய் ஒரு சாட்சி என்றார் ஒருவர். கைதட்டினார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு ஓணானும் நானும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"ஐயா, திறக்கலாம்!"

மடக்கை விட்டேன். அந்தப் பக்கம் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. புதுப் பிளாஸ்டிக் குடத்துக்குள் விழுகிற சத்தம். ஊரே ஒரு மூச்சு விட்டது மாதிரி ஒரு சத்தம் வந்தது. போட்டோ எடுத்தார்கள். பிறகு அக்காவின் குரல் கேட்டது. முதல் குடம் பிடிக்க அவளைத்தான் நிறுத்தியிருக்கிறார்கள் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

"எங்க தம்பி சொன்னாப்லயே தண்ணி வந்துருச்சுய்யா! எங்க அவன்? வாச்சர் தம்பி எங்க? அவன மனசுல ஏசிட்டேனே, அவனக் கூப்புடுங்கய்யா!"

எழுந்தேன். பைப்பின் தலையிலிருந்து ஹோஸைப் பிடுங்கினேன். பிடுங்கி, கையிலேயே பிடித்துக்கொண்டு சுவரைச் சுற்றி முன்பக்கம் வந்தேன். ஹோஸ் நீளமாகத்தான் இருந்தது. மேல், கால் எல்லாம் தண்ணீர். மேடையில் பித்தளைக் குழாய் சொட்டி நின்றது, என் கையில் தண்ணீர் ஓடியது. எல்லாரும் குழாயைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். நான் சூப்பர்வைசரைத் தேடி, அவன் வெள்ளைச் சட்டைக்கு நேராகப் பிடித்தேன். பக்கத்தில் நின்ற ரெண்டு பேருக்கும் தெறித்தது. அதற்கு நான் பொறுப்பில்லை. அவர்கள் அவன் பக்கத்தில் நின்றார்கள்.

"யக்கா, தண்ணி வரல. நாந்தான் ஊத்துனேன்," என்றேன்.

சிறப்பு விருந்தினர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "என்ன இது?" என்று கேட்டார்.

அப்போதுதான் அந்தத் துறைகளின் ஒற்றுமையைப் பார்த்தேன்.

"எங்க வேலை வால்வுத் தொட்டி வரைக்கும்தான் சார்," என்றார் வாரியம்.

"எங்க வேலை மேடை வரைக்கும்தாங்கய்யா," என்றார் ஊராட்சி.

"நாங்க நிதி ஒதுக்கிட்டோம் சார். எங்க வேலை அது வரைக்கும்தான்," என்றது நகராட்சி.

"நடுவுல உள்ளது எங்க எடம். வெட்ட அனுமதி கேட்டா குடுத்திருப்போம். யாரும் கேக்கல," என்றார் ரோட்டுத் துறையிலிருந்து வந்தவர். லெட்டர் போகவே இல்லை.

விருந்தினர் அடுத்த ஒருங்கிணைப்புக் கூட்டத்தில் வைக்கச் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். போட்டோ முன்பே எடுத்தாயிற்று. போட்டோவில் தண்ணீர் வருகிறது.

கார்கள் போன பிறகு சூப்பர்வைசர் என் சட்டையைப் பிடித்தான். "நீ யார்ரா? நீ எந்த டிபார்ட்மெண்டுடா? எந்த டிபார்ட்மெண்டும் இல்லாத நாயி, ஒனக்கு என்னடா வலிக்குது? இனிமே இந்த ஊருக்குக் குழாயே கெடையாது, பாத்துக்கோ. ஒன்னாலதான்!" கடைசி வார்த்தையை என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, ஊர்க்காரர்களைப் பார்த்துச் சொன்னான். ஒன்றிரண்டு பேர் தலையை ஆட்டியும்விட்டார்கள். பொய்ச் சத்தியம் செய்தவன் அவன், ஊருக்குத் துரோகி நான்.

அடித்திருப்பேன். அக்கா நடுவில் வந்து நின்றாள். அவள் கையில் அந்தக் குடம், பாதி நிறைந்து. அழவும் இல்லை, அவனை ஏசவும் இல்லை.

"டிரம்முல மிச்சம் இருக்கா தம்பி?"

"இருக்குக்கா."

"வெயில்ல நிக்காம அத மொண்டு கடையில ஊத்து."

மொண்டு ஊற்றினேன். அண்டா, குடம், இட்லிச் சட்டி எல்லாம். அக்கா எட்டிப் பார்த்து, "நாளைக்கு ஒரு நாளைக்குத் தாங்கும். அதோட கடைய மூடிட்டு மில்லு வேலைக்கு வேன்ல ஏறிற வேண்டியதுதான்," என்றாள். பிறகு, "நீ போயிரு. இங்க இருந்தா எவனாவது கைய வைப்பான்," என்றாள். சைக்கிள் காண்ட்ராக்டருடையது. அதை அங்கேயே போட்டுவிட்டு நடந்தேன்.

இப்படித்தான் நனைந்தேன்.

பந்தல்குடியைத் தாண்டுவதற்குள் சட்டை காய்ந்து விறைத்துவிட்டது. ஒரு தண்ணீர் லாரி எனக்குப் பக்கத்தில் வந்து மெதுவாக ஊர்ந்தது. டிரைவர் பழைய கூட்டாளி, போர் லாரிக் காலத்தில் ஒன்றாகச் சுற்றியவன். வெற்றிலைச் சாறை ரோட்டில் துப்பிவிட்டுத் தலையை நீட்டினான்.

"ஏலே, அதிகாரிகளுக்கெல்லாம் மஞ்சத்தண்ணி ஊத்துனியாமே! ரோடெல்லாம் ஒம் பேச்சுத்தான்."

"வெறும் தண்ணிதாம்லே."

"ஏறு, ஏறு. எங்க போற?"

"தெரியல. திருச்சுழிப் பக்கம் மூட்டம் போடுறாங்களான்னு பாக்கணும்."

"மூட்டத்துல என்னலே இருக்கு, ஏற்கெனவே கரியாத்தான் இருக்க. என் கிளீனரு கோயமுத்தூருக்கு ஓடிட்டான். ஹோஸ் புடிக்க ஆள் இல்ல. ஒனக்குத்தான் அந்தத் தொழிலு நல்லா வருதே." சிரித்துச் சிரித்து ஸ்டீயரிங்கில் தட்டினான்.

அவன் ஓட்டியது நகராட்சிக்கு வாடகைக்கு விட்ட லாரி. டவுனுக்குள் புதுக் குழாய் பதிக்கிறேன் என்று கடைசித் தெருக்களை எல்லாம் தோண்டிப் போட்டிருந்தார்கள். அது முடிகிற வரைக்கும் அந்தத் தெருக்களுக்கு லாரித் தண்ணீர்தான். தண்ணீர் எடுப்பது தெற்கே ஒரு தோட்டத்து நல்ல தண்ணீர்க் கிணற்றில். லாரிக்கு மட்டும்தான் அங்கே மோட்டார் போடுவார்கள். தினமும் நிறை லோடோடு அக்காவின் கடையைத் தாண்டித்தான் போகிறான்.

"ஒரு டிரம்மு அந்தக் கடையில எறக்கலாமா?" என்று கேட்டேன்.

"எறக்கலாம். ஆனா அங்க எறக்குனா இங்க கொறையும். தெருக்கோடியில நிக்கிறவன் என்னயக் கிழிப்பான்."

"தெருக்கோடியில யாரு நிக்கிறா?"

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். வெற்றிலை வாயோடு மெதுவாகச் சிரித்தான். "ஒனக்குத் தெரியாதா? ஒன் சூப்பர்வைசருதாம்லே. எங்க ஹோஸு முடியிறது அவன் வாசல்ல."

அதுவரைக்கும் திருச்சுழிக்குப் போகும் எண்ணம் இருந்தது. அந்த நொடியோடு போய்விட்டது.

"காலைல வாரேன்," என்றேன்.

பாளையம்பட்டிப் பக்கம் அவனுடைய லாரி ஷெட்டில் சாக்கு விரித்துப் படுத்தேன். நல்ல தூக்கம். பல நாளாக அப்படித் தூங்கவில்லை.

விடிந்ததும் கிணற்றடிக்குப் போனோம். மோட்டார் போட்டு நிரப்பினோம். அக்காவின் கடை முன்னால் லாரியை நிறுத்தி ஹோஸை இழுத்தபோது அவள் மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள், கடைசி மாவு என்று நினைத்து.

"என்ன தம்பி இது? திருட்டுத் தண்ணியா?"

"நகராட்சித் தண்ணிக்கா. ஒங்களுக்கு வர வேண்டியதுதான். வழி மட்டும் மாறி வருது."

"தெனம் வருமா?"

இந்தத் தடவை சட்டென்று பதில் சொல்லவில்லை. "நான் இந்த லாரியில இருக்குற வரைக்கும் வரும்," என்றேன்.

அவள் கடை ஓரத்தில் கிடந்த டிரம்மின் மூடியைத் திறந்தாள். நிறைந்ததும் உள்ளே போய் ரெண்டு குடங்களையும் தூக்கிக்கொண்டு வந்தாள். "அப்ப இதுலயும் ஊத்து. சாம்பாரும் வச்சுருவேன்." டிரைவர் தலையில் அடித்துக்கொண்டான். ஊற்றினேன்.

டவுனில் அந்தத் தெரு முழுக்கப் பள்ளம். லாரி ஒரு ஓரமாக ஊர்ந்தது. குடங்கள் வரிசையாக நின்றன. வீடு வீடாக நிறைத்துக்கொண்டே போனேன், யாருக்கும் ஒரு சொட்டுக் குறைக்கவில்லை. கோடியில் அவன் நின்றான். கைலி, பனியன், வாயில் பல்பொடி நுரை. காலடியில் நாலைந்து குடம், ஒரு வாளி. கறுப்புக் கண்ணாடி இல்லாமல் அவன் கண்கள் சின்னதாக இருந்தன. என்னை அவன் இன்னும் பார்க்கவில்லை, குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

முதல் குடத்தில் ஹோஸை வைத்தேன். ஒரு சாண் நிறைந்தது. பிறகு ஹோஸ் ரெண்டு தடவை விக்கி, காற்றைக் கக்கி, நின்றது.

நிமிர்ந்தான். பார்த்தான். நுரையை விழுங்கினான் என்று நினைக்கிறேன். நான் நேற்று வெயிலில் நடந்துகொண்டே கேட்டது அந்த முகத்தைத்தான். எதிர்பார்த்ததைவிடச் சின்னதாக இருந்தது, ஆனாலும் போதுமானதாக இருந்தது.

"அண்ணே... லாரியக் கொஞ்சம் சாச்சு நிறுத்தச் சொல்லுங்கண்ணே. அடியில தண்ணி கெடக்கும். வீட்ல புள்ள பள்ளிக்கூடம் போகணும்."

"எங்க வேலை பக்கத்து வீடு வரைக்கும்தான் சார்," என்றேன்.

ஹோஸின் வளைவில் கொஞ்சம் தண்ணீர் தங்கியிருந்தது. ஒரு சொம்பு இருக்கும். அவன் குடத்தில் விட்டிருக்கலாம். ஹோஸைத் தோளுக்கு மேலே தூக்கிச் சுருட்டினேன். அந்தத் தண்ணீர் அவன் வாசலுக்கு முன்னால் தோண்டிக் கிடந்த மண்ணில் விழுந்து, விழுந்த இடம் தெரியாமல் போயிற்று. அக்கா பார்த்திருந்தால் என்னை ஏசியிருப்பாள், அவனுக்காக அல்ல, தண்ணீருக்காக.

டிரைவர் ஹாரன் அடித்தான். படியில் ஏறி நின்றுகொண்டேன். அடுத்த லோடுக்குத் தெற்கே திரும்பினோம்.